வாத்தியார் கட்டிய கூடு

புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்பார்கள். சொல்லாமல் இருந்து என்ன வாழ்ந்தது? வீரபாகு. பரமத்தி வேலூருக்குக் கிழக்கே, வெற்றிலைக் கொடிக்கால்களுக்கு நடுவில் இருக்கும் எங்கள் ஊரில் மாரியம்மனுக்குப் பம்பை அடிக்கிறவர். அவர் அப்பன் அடித்தது, பாட்டன் அடித்தது. மாசியில் ஊர் பூக்குண்டம் இறங்கும்போது நெருப்போரம் நின்று அடிக்கும் உரிமை எங்கள் வீட்டுக்குத்தான். முதல் ஆள் நெருப்பில் கால் வைத்ததிலிருந்து கடைசி ஆள் மறுமுனையில் கால் நனைக்கும் பால்குழியில் இறங்கும்வரை அடி நிற்கக் கூடாது. நின்றால் நெருப்பில் இருப்பவர் கால் வெந்துவிடும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை.

ஒரு மேளம் தெரிந்தால் போதும் என்று அடங்குகிற மனுஷனா அவர்? உறுமி கற்றுக்கொள்கிறேன் என்று ஆத்தூர்ப் பக்கம் போனவர் அறுப்பு முடிந்தும் திரும்பவில்லை. மோகனூர்ச் சந்தைக்குக் கதை பாடுகிறவன் வந்தால், அவன் உடுக்கையில் எப்படி அழுகையை வரவழைக்கிறான் என்று பார்க்க ஊர் ஊராக அவன் பின்னாலேயே போவார். சாவு வீட்டுத் தப்பையும் விட்டுவைக்கவில்லை. வீட்டில் என் பானை, முறம், குழந்தை முதுகு எல்லாவற்றிலும் அவர் விரல் ஓடிக்கொண்டே இருக்கும். "சோறு வெந்துதான்னு பாக்கறீங்களா, சத்தம் வெந்துதான்னு பாக்கறீங்களா?" என்று கேட்பேன். சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சேலத்துக் கொட்டகைகளில் பேசும்படம் ஓடத் தொடங்கியிருந்த காலம். எங்கள் கோயில் தர்மகர்த்தா மயில்சாமி சேலத்தில் ஒரு பெரிய கல்யாணத்துக்குப் போய்த் தவில் கேட்டுவிட்டு வந்தார். வந்ததிலிருந்து பம்பை அவர் காதில் ஏறவில்லை.

"இது பட்டிக்காட்டுச் சத்தம் வீரபாகு. அடுத்த மாசிக்குக் குண்டத்துல தவுல்தான். உனக்குத் தெரிஞ்சா நீயே அடி. இல்லீன்னா திருச்செங்கோட்டுக் கைலாசத்தக் கூட்டியாந்துக்குவோம்."

அன்றைக்கு என் புருஷன் பம்பையை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். அப்பன் பாட்டன் நின்ற இடம் போய்விடும். அந்த இடம் இல்லாவிட்டால் ஊரில் அவர் யார்? வயசு ஐம்பதைத் தொட்டுவிட்டது. அஞ்சில் வளையாதது அம்பதில் வளையுமா என்று நான் வாய்விட்டே கேட்டேன். மறுநாள் விடிவதற்குள் மனுஷன் திருச்செங்கோட்டுக்குக் கிளம்பிவிட்டார். யாரிடம்? அந்தக் கைலாசத்திடமே.

கைலாசத்துக்கு எங்கள் மூத்தவன் வயசுதான் இருக்கும். வெற்றிலை மெல்லும் வாய், சென்ட்டு போட்ட மேல்துண்டு. குண்டத்து விஷயத்தை இவர் மறைக்காமல் சொல்லித்தான் கேட்டிருக்கிறார். அவன் சிரித்தானாம். கிழவன் என்னத்தைக் கற்றுக்கொள்ளப் போகிறான், சும்மா வேலைக்கு ஒரு ஆள் ஆச்சு என்று வைத்துக்கொண்டான்.

"ஏப்பா கிழவா, காலைப் புடி" என்பான். இவர் "ஆகட்டுங்க சாமி" என்று பிடிப்பார். அவன் வேட்டியைத் துவைப்பார், தவிலைத் தோளில் சுமப்பார். பாடத்தில் கொஞ்சம் பிசகினால் தவில் கோலாலேயே விரல் கணுவில் போடுவான். பம்பைக்கு இரண்டு கையிலும் குச்சி. தவிலுக்கு இடது கையில்தான் கோல், வலது கைக்கு விரல்கள். அந்த விரல்களுக்குத் துணியைப் பசையில் தோய்த்துச் சுற்றிச் சுற்றி, காயவைத்து, கல் மாதிரிக் கூடு கட்டி மாட்டிக்கொள்வார்கள். வாத்தியாருக்குக் கூடு கட்டுவது சிஷ்யன் வேலை. கைலாசம் வெற்றிலையை மென்றுகொண்டு வேறெங்கோ பார்த்தபடி கையை நீட்டுவான். இவர் ஒவ்வொரு விரலாக மாட்டிவிட வேண்டும். இதையெல்லாம் ஊருக்கு வரும்போது பெருமையாக வேறு சொல்வார். சூடு சொரணை இருக்கிறவர் சொல்கிற பேச்சா அது?

ஆனால் கற்றுக்கொண்டார். முப்பது வருஷக் கை அல்லவா. தை மாதம் கோயில் வாசலில் வாசித்துக் காட்டினார். மயில்சாமி கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, வெற்றிலைத் தட்டை எடுத்து இவர் கையில் கொடுத்தார். குண்டம் எங்களுக்கே என்று ஆகிவிட்டது. என் வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. அந்த வருஷம் நானும் குண்டம் இறங்குவதாக வேண்டிக்கொண்டேன்.

குண்டத்தன்று காலையில் கைலாசம் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். முகமெல்லாம் சிரிப்பு.

"எங்கிட்டக் கத்துக்கிட்டவன் மொதமொதல்ல குண்டத்துக்கு அடிக்கறான். விரல்கூட்ட நானே கட்டியாந்திருக்கறன். கையை நீட்டு."

வாத்தியார் சிஷ்யனுக்குக் கூடு கட்டுவதாவது. கேட்டதும் என் புருஷன் தெருவிலேயே அவன் காலில் விழுந்துவிட்டார். கைலாசம் மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தான். "அர்த்தநாரீஸ்வரர் கோயில் திருநீறு. உள்ள போட்டுக்கிட்டா விரல் வழுக்காது" என்று சொல்லி, ஒவ்வொரு கூட்டிலும் வெள்ளைப் பொடியைக் கொட்டி, தானே மாட்டிவிட்டான். நான்கூட, இவனைப் போய்த் திட்டிக்கொண்டிருந்தோமே என்று கையெடுத்துக் கும்பிட்டேன். வேலியில் போன ஓணானை நாங்களே எடுத்து மடியில் விட்டுக்கொண்டோம்.

வெயில் ஏறிய பிறகுதான் குண்டம் திறந்தார்கள். ஆண்கள் முதலில், பெண்கள் கடைசியில். நான் கடைசிக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் நெருப்பை ஒட்டி நின்றுகொண்டு அடித்தார். உடம்பெல்லாம் வேர்வை ஒழுகியது. கொஞ்ச நேரத்தில் அவர் கண்ணிலிருந்தும் நீர் கொட்டத் தொடங்கியது. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். ஆத்தா அவர்மேல் இறங்கிவிட்டாள் என்று பக்கத்தில் நின்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும் போட்டுக்கொண்டேன். அடி நிற்கவில்லை. நான் நெருப்பில் நடந்தபோதும் ஒரு தட்டுகூடத் தவறவில்லை. எனக்குப் பின்னால் கடைசியாக வந்தவள் பால்குழியில் கால் வைத்ததும் மேளம் நின்றது. திரும்பிப் பார்த்தேன். அவர் மண்டிபோட்டுக் கிடந்தார்.

கைலாசம்தான் முதலில் ஓடிவந்தான். "ஐயோ பாவம், மயங்கிட்டான்" என்று ஒரு குடம் தண்ணீரை அவர் கையில் ஊற்றினான். அவர் போட்ட சத்தம் இருக்கிறதே, அதை நான் எந்த மேளத்திலும் கேட்டதில்லை. கூட்டிலிருந்து ஆவி வந்தது.

நான் சுண்ணாம்புக் காளவாயில் பிறந்து வளர்ந்தவள். அந்த நெடி எனக்குத் தெரியாதா? தண்ணீர் படாத சுண்ணாம்பு. வேர்வை பட்டாலே கொதிக்கும், தண்ணீரை ஊற்றினால் கேட்கவே வேண்டாம். கூட்டைப் பிடித்து இழுத்தேன், தோலும் சேர்ந்து வந்தது. துணியால் துடைத்து, விளக்கிலிருந்த எண்ணெயை ஊற்றினேன். "சுண்ணாம்பு, சுண்ணாம்பு" என்று கத்தினேன். பொம்பளை பேச்சை யார் கேட்டது?

கைலாசம் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான்: "பம்பைக்காரன் தவுலத் தொட்டான், ஆத்தா கூலி குடுத்துட்டா." ஊர் அப்படியே நம்பியது. மயில்சாமி அங்கேயே அடுத்த மாசிக்கு அவனுக்கு வெற்றிலை கொடுத்தார்.

ஆறிய பிறகு மூன்று விரல்கள் மடங்கியபடியே ஒட்டிக்கொண்டன. சோற்றை நான் உருட்டிக் கொடுத்தேன். இரண்டு மாதம் திண்ணையிலேயே கிடந்தவர் ஒரு நாள் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"எங்க?"

"திருச்செங்கோட்டுக்கு. வாத்தியார்கிட்ட. பாடம் இன்னும் முடியல ஆராயி."

வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். ஆம்பளையா நீ என்றுகூடக் கேட்டுவிட்டேன். அதற்கும் சிரித்துவிட்டுப் போய்விட்டார். கைலாசத்துக்குப் பரம சந்தோஷம். ஆத்தா தண்டித்தாள் என்றே கிழவன் நம்புகிறான், செருப்பாகக் கிடப்பான் என்று நினைத்திருப்பான். மறுபடியும் வேட்டி துவைத்தார், கால் பிடித்தார், மடங்கிய விரல்களோடு அவனுக்குக் கூடு கட்டினார். ஊருக்கு வரும் நாட்களில் விடியற்காலையில் வாய்க்கால் கரைக்குப் போய்விடுவார். ஒரு நாள் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். வலது உள்ளங்கையில் கோலைத் துணியால் கட்டியிருந்தார். கூடு இடது விரல்களில். தவிலைத் திருப்பிப் போட்டு, சின்னப் பிள்ளை மாதிரி முதல் பாடத்திலிருந்து அடித்துக்கொண்டிருந்தார். நான் சத்தம் காட்டாமல் திரும்பிவிட்டேன்.

அடுத்த வருஷம் மாசிக் குண்டத்தைக் கைலாசம் அடித்தான். இவர் அவன் பின்னால் விசிறியோடு நின்றார். வைகாசியில் மயில்சாமி மகளுக்குக் கல்யாணம் வந்தது. கைலாசம் தவில். கல்யாணத்துக்கு முந்தின நாள் என் புருஷன் ஊருக்கு வந்தார்.

"உங்கண்ணன் காளவாயில தண்ணி படாத சுண்ணாம்பு கொஞ்சம் வாங்கியா. நல்ல மாவா இருக்கோணும்."

எதற்கு என்று நான் கேட்கவில்லை. வாங்கிவந்து, இடித்து, மெல்லிய துணியில் சலித்துக் கொடுத்தேன். அன்று கோழி அடித்துக் குழம்பு வைத்து, அவருக்கு வாயில் ஊட்டினேன்.

கல்யாணப் பந்தலில் காற்றே இல்லை. கைலாசம் வழக்கம்போல எங்கோ பார்த்தபடி கையை நீட்டினான். இவர் மாட்டிவிட்டார். நான் பாத்திரம் கழுவும் பெண்களோடு பந்தல் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முகூர்த்தம் நெருங்கும்போது கைலாசம் அடிக்கு அடி விரலை உதறத் தொடங்கினான். முகம் கறுத்தது. நாதஸ்வரக்காரர் ஓரக்கண்ணால் முறைத்தார்.

தாலி ஏறும் நேரத்தில் அழுகையோ தும்மலோ காதில் விழக் கூடாது. அதை அமுக்கத்தான் கெட்டி மேளம். கல்யாணத்தை நடத்திவைக்கும் அருமைக்காரர் தாலியை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கையை உயர்த்தினார். சரியாக அப்போதுதான் கைலாசம் அடிப்பதை விட்டுவிட்டு அலற வாயைத் திறந்தான்.

"யாராச்சும் அடிங்கய்யா" என்றார் மயில்சாமி.

என் புருஷன் அவன் கழுத்திலிருந்து தவில் வாரைக் கழற்றித் தன் கழுத்தில் போட்டார். கோலை வலது கையில் செருகினார். மடியில் வைத்திருந்த கூட்டை இடது விரல்களில் மாட்டினார். தவிலைத் திருப்பினார். அப்புறம் அடித்தார் பாருங்கள். உறுமி, உடுக்கை, தப்பு, இத்தனை வருஷம் தெருத்தெருவாகப் பொறுக்கியதெல்லாம் அந்த அடியில் இருந்தது. பந்தல் கழிகள் அதிர்ந்தன. கைலாசம் தரையில் புரண்டு கத்தியது அவன் வாயைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரிந்தது. ஒருவர் காதிலும் விழவில்லை. தாலி நல்லபடியாக ஏறியது. மயில்சாமி என் புருஷனைக் கும்பிட்டார்.

அதே பழைய சிரிப்போடு அவர் பந்தல் ஓரத்தில் என்னைத் தேடினார். நான் அங்கே இல்லை. அண்டாவிலிருந்து ஒரு சொம்பு நிறையக் குளிர்ந்த தண்ணீரை மோந்துகொண்டு கைலாசத்திடம் போய்க்கொண்டிருந்தேன்.

"ஐயோ பாவம். கையைக் காட்டுங்க சாமி" என்றேன். காட்டினான்.