ஐசக் வீட்டுத் துணி

சோபியாவுக்கு உத்திரமேரூரில் ஆபீஸ் வேலை கிடைத்தது. சொந்த ஊரான மானாம்பதியே மெச்சியது. அவளுக்கோ வேறு கவலை. பள்ளிக்கூடத்துக்கு யூனிஃபார்ம், அப்புறம் ஷூ கம்பெனிக்கும் யூனிஃபார்ம் என்று வளர்ந்தவள், இனி தினமும் கலர் டிரஸ்ஸில் போயாக வேண்டும். ஆள் பாதி ஆடை பாதி என்பார்கள். இவளிடம் இருந்தது நாலே நாலு சுடிதார் செட். நாலும் கிறிஸ்துமஸுக்குத் தைத்தவை.

வில்லங்கமே அதில்தான். அவள் அப்பா ஐசக் வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஒரே துணியை முழுச் சுருளாக வாங்கி வந்து, வீடு மொத்தத்துக்கும் தைக்கக் கொடுப்பார். அவருக்குச் சட்டை, அம்மா மலர்க்கொடிக்கு ஜாக்கெட், சோபியாவுக்கு மேலும் கீழும் அதே துணி. சர்ச்சுக்குள் அவர்கள் நுழைந்தால் பேண்டு கோஷ்டி வந்ததுபோல் இருக்கும். மனுஷனுக்கு அதில் அவ்வளவு பெருமை.

முதல் வாரம் வெள்ளிக்கிழமை, திங்கட்கிழமை போட்ட செட்டே திரும்பி வந்தது. பக்கத்து சீட் ஷாஹீதா துணிக்கடைக்காரர் மகள், கண்ணாலேயே அளவெடுப்பவள். அவள் ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். சோபியாவுக்குச் சுருக்கென்றது. இனி யாரும் தன்னைப் பாவம் என்று பார்க்கக் கூடாது என்று முடிவு செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நாலு செட்டையும் பிரித்துப் பாயில் பரப்பினாள். கிளிப்பச்சை டாப்ஸுக்கு மாம்பழக் கலர் பேன்ட், அரக்குக் கட்டத்துக்குக் கறுப்பு லெக்கின்ஸ். கறுப்பிலும் சந்தனத்திலும் இரண்டு லெக்கின்ஸ், ஒரு வெள்ளை ஷால், இவ்வளவுதான் புதிதாக வாங்கியது.

"செட்டைக் கலைக்கிறியேடி, நைனா பாத்தா மனசு நொந்துக்கும்" என்றாள் அம்மா.

நல்லவேளை, ஐசக் விடியும் முன்னே கழனிக்குப் போய்விடுவார்.

அந்த மாதம் முழுக்க ஒருநாள் போல ஒருநாள் இல்லை. "உன் பீரோ எம்மாம் பெருசு?" என்று ஷாஹீதா கேட்டாள். சோபியாவுக்குத் தலைகால் புரியவில்லை. சும்மா சிரித்து வைத்தாள்.

ஒருநாள் சாப்பாட்டு டப்பாவை வீட்டிலேயே மறந்துவிட்டாள். மதியம் ஐசக் அதை எடுத்துக்கொண்டு ஆபீஸ் வாசலுக்கே வந்துவிட்டார். மகள் ஆபீஸாயிற்றே என்று இருப்பதில் நல்ல சட்டையைப் போட்டிருந்தார். அரக்குக் கட்டம். அன்றைக்கு சோபியாவின் டாப்ஸும் அதே அரக்குக் கட்டம். அவளோடும் ஷாஹீதாவோடும் சாப்பிடக் கிளம்பி வெளியே வந்தவர்கள் அப்பாவையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். சோபியா கூசிப்போய் ஷாஹீதாவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

ஐசக்குக்குப் புரிந்துவிட்டது. தோள் துண்டை விரித்துச் சட்டையை மூடிக்கொண்டார். "வாட்ச்மேன் கையில குடுத்துட்டுப் போறேம்மா" என்று திரும்பினார்.

அவளுக்குப் பொறுக்கவில்லை. ஓடிப்போய் அந்தத் துண்டை உருவினாள்.

"இன்னாத்துக்கு நைனா மூடிக்கினு கீற? ஷாஹீதா, இது எங்க நைனா. எங்க வூட்ல எல்லாருக்கும் ஒரே துணிதான் எடுக்கும். எங்கிட்ட மொத்தமே நாலு செட்டுதான் கீது. அதைத்தான் கலைச்சுப் போட்டுக்கினு வரேன்."

ஷாஹீதா கிட்டே வந்து சட்டைக் கையைத் தடவிப் பார்த்தாள். "நல்ல காட்டன் நைனா. நாலா? நான் பீரோ நெறைய வெச்சிக்கினு, எதைப் போடறதுன்னு தெனம் காலைல முழிச்சிக்கினு நிக்கிறேன்."

ஐசக் முகம் மலர்ந்துவிட்டது. "இந்தத் துணி இன்னும் மீதி கீதும்மா" என்றார். "உனுக்கும் ஒண்ணு தெக்கச் சொல்லட்டா?"