பாயின் ரத்தம் சொன்ன கோள்

ஷேக் மைதீனின் ரத்தம் மெல்லிய கண்ணாடிக் குழாயில் நின்றுகொண்டிருந்தது. எதிர் பெஞ்சில் ஷேக் மைதீன் உட்கார்ந்திருந்தார். இருவருக்கும் ஒரு மணி நேரத் தண்டனை.

குழாயில் சிவப்பு கீழே இறங்க இறங்க, மேலே தெளிந்த நீர் கூடும். அது எவ்வளவு வேகமாகக் கூடுகிறதோ, அவ்வளவுக்கு உடம்பில் எங்கோ புகைகிறது என்று கணக்கு. பாயைப்போல் இடுப்பில் புது மூட்டு வைத்தவர்களுக்கு மாதாமாதம் குறைய வேண்டும். குறைந்துதான் வந்தது. போன வாரம் திடீரென்று எகிறியது. இன்றும் எகிறினால் மூட்டுக்குள் சீழ் என்றுதான் அர்த்தம், பிரித்துப் பார்த்துக் கழற்றிவிடலாம் என்று டவுன் டாக்டர் சைக்கிள் செயினைச் சொல்வதுபோல் சொல்லிவிட்டார். காய்ச்சல் இல்லை, வலி இல்லை என்று பாய் சத்தியம் செய்தும் பார்த்தார். டாக்டர் ரத்தத்தைத்தான் நம்பினார். பிறந்ததிலிருந்து கூடவே இருந்த ரத்தம் இப்படிக் கோள் சொல்லும் என்று பாய் எதிர்பார்க்கவில்லை.

வில்லியனூர் கடைத்தெருவில் அவருக்குக் குடைக் கடை. கைத்தடி பிடித்தால் கிழவன் என்பார்கள் என்று, வளைந்த பிடி வைத்த நீளக் குடை ஒன்றை ஊன்றித்தான் நடந்தார். கேட்டவர்களிடம் மழை வரும்போல இருக்கிறது என்றார். ஆடி வெயிலிலிருந்தே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் மனைவி ஜொஹரா பீவி, அடுப்பில் பாலை வைத்தவள்போல் குழாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“தம்பி, இது இன்னா சாஞ்சி நிக்குது?”

லேப் உலகநாதன் அப்படியெல்லாம் இருக்காது என்றான். அவள் பின்சுவரில் தொங்கிய எண்பத்து நாலாம் வருஷக் காலண்டரைக் காட்டினாள். காலண்டர் ஓரம் நேராக இருந்தது. குழாய், பஸ்ஸில் தூங்குகிறவன் அடுத்தவன் தோளைத் தேடுவதுபோல் ஒருபக்கம் போயிருந்தது.

உலகநாதன் ஸ்டாண்டைத் தூக்கினான். ஒரு காலுக்கு அடியில் கொட்டைப்பாக்கு அளவுக்குக் காய்ந்த சந்தனம். ஆயுத பூஜைக்கு மைக்ராஸ்கோப், ஊசி டப்பா, நாற்காலி என்று எதையும் விடாமல் பொட்டு வைத்திருந்தான். ஸ்டாண்டுக்கு மட்டும் பக்தி கொஞ்சம் கூடிவிட்டது. பாயின் ரத்தம் எகிறியது அந்தப் பூஜைக்கு அப்புறம்தான்.

“சாஞ்சா ரத்தம் சறுக்கிட்டு வேகமா எறங்கிடும் பாய்,” என்றான் தரையைப் பார்த்தபடி. “பூஜைக்கு அப்பால வந்தவங்க எல்லாருக்குமே ஏறித்தான் இருந்துச்சி. ஊர்ல இன்னாவோ சீக்குன்னு நெனச்சிட்டேன்.”

“எங்க வூட்டுக்காரரு இடுப்பக் கழட்டப் பாத்தியே தம்பி,” என்றாள் ஜொஹரா பீவி, குரலை உயர்த்தாமல்.

சந்தனத்தைச் சுரண்டி எறிந்தான். பாய் அடுத்த கையை நீட்டினார். மறுபடி ஒரு மணி நேரம். இந்த முறை அவருக்குக் குழாயைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் முதலில் தெளிந்தது.

“கொறஞ்சிடுச்சி பாய். போன மாசத்தவிடக் கம்மி.”

பாய் குடையை ஊன்றி எழுந்தார். பசிக்கிறது என்று மட்டும் சொன்னார்.

வெளியே, மாதக்கணக்கில் அவர் சொல்லிவந்த மழை ஒருவழியாக வந்திருந்தது. குடையை விரித்து இருவருக்கும் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினார். பாதித் தெரு தாண்டிய பிறகுதான், ஊன்ற வேண்டியது தலைக்கு மேல் இருப்பது அவருக்கு உறைத்தது. நின்றால் விழுந்துவிடுவோமோ என்று நிற்காமல் நடந்தார். ஜொஹரா பீவி அவர் மறுபக்க முழங்கையைத் தொடாமல், தொடுகிற தூரத்தில் கையை வைத்துக்கொண்டு கூடவே வந்தாள். கை மட்டும் குடைக்கு வெளியே நனைந்துகொண்டிருந்தது.