கம்பி இறங்கிய இடம்

கம்பி கைப்பிடிவரை இறங்கியதில் ராயேன் ஒஸ்ஸந்தோன் நிலைதடுமாறி மண்டியிட்டு விழுந்தாள். நான்கு வருடமாக இந்த அத்தகாமா பாலைவன மண்ணில் அதே கம்பியைக் குத்திக்கொண்டிருக்கிறாள். ஒருமுறைகூட நான்கு விரற்கடைக்கு மேல் அது இறங்கியதில்லை. இடுப்புயர எஃகுக் கம்பி, முனையில் கூம்பு. உடல் எடை முழுவதையும் போட்டு அழுத்தினால், மண் எவ்வளவு எதிர்த்துத் தள்ளுகிறது என்பதைக் கைப்பிடியிலுள்ள சின்னத் திரை எண்ணாகக் காட்டும். இன்று அதில் எண் என்று சொல்ல எதுவுமே இல்லை. மாவு மூட்டைக்குள் குத்தியதுபோல இருந்தது.

"என்ன டாக்டரம்மா, செவ்வாய்க்கே போய்ச் சேந்துட்டீங்களா?" வண்டி நிழலில் உட்கார்ந்து ரொட்டியில் அவகாடோவை மசித்துத் தடவிக்கொண்டிருந்த நொல்பெர்த்தோ கேட்டார். பல்கலைக்கழகத்தின் ஓட்டுநர், பக்கத்திலுள்ள கலாமா ஊர்க்காரர். எதற்கும் அவசரப்படமாட்டார்.

"இங்க வாங்கண்ணே. நீங்க ஒருதரம் அழுத்துங்க."

அவருக்கும் இறங்கியது. ஒரே கையால்.

ராயேன் மண்ணின் உடம்பைப் படித்தவள். அது எவ்வளவு பாரம் தாங்கும், எவ்வளவு நேரம் சூட்டைப் பிடித்துவைத்திருக்கும் என்பதெல்லாம் அவள் வேலை. மழை காணாத இந்த உப்புப் புழுதி செவ்வாயின் தரைக்குக் கிட்டத்தட்ட உடன்பிறப்பு. ஐரோப்பாவில் செவ்வாயில் இறங்க ஒரு விண்கலம் செய்துகொண்டிருந்தவர்கள், அவள் தந்த எண்களை நம்பி, கலத்தின் கால்களுக்குச் சாப்பாட்டுத் தட்டளவு பாதம் போதும் என்று முடிவு செய்திருந்தார்கள். அந்த வடிவமைப்புக்கு வெள்ளிக்கிழமை கடைசிக் கையெழுத்து. அதற்குமுன் ஒரு சம்பிரதாயத்துக்கு இன்னும் நாற்பது புள்ளிகள் அளந்துபோகத்தான் வந்திருந்தாள். வழக்கமான இடம் துளைத்துத் துளைத்துச் சல்லடையாகிவிட்டதால், அளவு நாடாவை இந்த வருடம் கிழக்கே கொஞ்சம் நீட்டிப் பிடித்தாள். அவ்வளவுதான் செய்தது.

பயம் வந்திருக்க வேண்டும். வந்தது ஒரு நமைச்சல். இந்த அடியில் பாறைபோல இருக்கும் மண் அடுத்த அடியில் ஏன் மாவாகிறது? மேலே பார்த்தால் இரண்டும் ஒரே நிறம், ஒரே புழுதி. அன்றும் மறுநாளும் ஐந்தைந்து எட்டாக எல்லாத் திசையிலும் குத்திக்கொண்டே போனாள். நொல்பெர்த்தோ முணுமுணுத்தபடி எண்களை எழுதினார். மூன்றாம் நாள் காலையில் வண்டியின் முன்மூடிமேல் கட்டம் போட்ட தாளை விரித்து, இறுகிய இடங்களைப் பென்சிலால் கறுப்பாக்கினாள். இளகிய இடங்களை வெள்ளையாகவே விட்டாள்.

கறுப்பு ஒரு நீள்சதுரமாக வந்தது. ஓரங்கள் நூல் பிடித்ததுபோல நேராக இருந்தன. காற்றும் உப்பும் இப்படி மூலை மடித்து வேலை செய்யாது. குறுகிய இரு பக்கங்களின் நடுவிலும் மட்டும் கறுப்பு இன்னும் அடர்த்தியாக இருந்தது. அவள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப்பார்த்த நொல்பெர்த்தோ மெல்லுவதை நிறுத்தினார்.

"இதுக்காம்மா என்னை மூணு நாளா வெயில்ல காயப் போட்டீங்க? இது ஒரு கோலு, அது ஒரு கோலு. கீப்பர் நின்னு மிதிச்ச இடம்தான் இந்தக் கறுப்பு."

"இங்க ஏதுண்ணே ஃபுட்பாலு?"

"அதோ அந்தப் பக்கம் இடிஞ்சு கெடக்கிற செவுரெல்லாம் பின்ன யாரு கட்டினது, பல்லியா? வெடியுப்பு வெட்டின ஊரும்மா. ஆயிரம் பேரு இருந்திருப்பான். ஞாயித்துக்கெழமை அவன் என்ன பண்ணுவான், உக்காந்து உப்பையா மோந்துகிட்டு இருப்பான்?"

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு படத்தில் கறுப்பு அடர்ந்திருந்த ஒரு பக்கமாக நடந்தார். எட்டு வைத்து அளந்தார், வெட்டினார். நாலாவது இடத்தில் மரம் தட்டுப்பட்டது. கோல் கம்பம் தரையோடு தரையாக அறுக்கப்பட்டிருந்தது; மேல்பாதியை யாரோ எப்போதோ அடுப்புக்குக் கொண்டுபோயிருப்பார்கள்.

ராயேன் குப்புறப் படுத்து லென்ஸை வைத்துத் தரையைப் பார்த்தாள். கற்களைப் பொறுக்கி எறிந்திருக்கிறார்கள். பீப்பாய் பீப்பாயாகத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். உப்பு கரைந்து, மண்ணைப் பிடித்துக்கொண்டு மறுபடி இறுகியிருக்கிறது. அதன்மேல் ஞாயிறுதோறும் இருபத்திரண்டு பேரின் பூட்ஸ். நான்கு வருடத்துக்கு முன் எவ்வளவு சமமான இடம், ஒரு கல்கூட இல்லையே என்று சந்தோஷப்பட்டுத் தேர்ந்தெடுத்தது அவள்தான். சிரிப்பு வந்தது. சிரித்து முடித்தபின்தான் அந்த எண்களை நம்பிச் செய்த பாதம் நினைவுக்கு வந்தது.

தொலைபேசிக்குச் சிக்னல் கிடைப்பது பழைய கழிவுமண் மேட்டின் உச்சியில் மட்டும். ஏறினாள். திட்டத்தின் தலைவர் பேராசிரியர் இத்துர்ரா முழுவதையும் கேட்டார்.

"நாளன்னிக்குக் கையெழுத்து. இப்ப வந்து ஃபுட்பாலுங்கிற."

"வெளிய இருக்கிறதுதான் சார் அசல் மண்ணு. நாம அளந்தது மனுசன் மிதிச்சது."

"வெளிய எத்தன புள்ளி?"

"நூத்திப் பதினாறு."

"அத விட்டுட்டு அனுப்பினா யாருக்கும்மா தெரியப்போகுது?" அதட்டலாக இல்லை. களைத்த குரல்.

"கலத்தோட காலுக்குத் தெரியும் சார்."



"இந்த எண்கள வச்சு வந்த கட்டுரையில மொதப் பேரு உன்னோடது. ஞாபகம் இருக்கில்ல?"

"எடத்தப் பாத்து வச்சதும் நான்தான்."

"படத்த அனுப்பு. பாக்குறேன்," என்று வைத்துவிட்டார்.

பார்த்துவிட்டு என்ன செய்வார் என்று அவளுக்குத் தெரியவில்லை. தாளைப் படமெடுத்து, நடந்ததையும் எழுதி அவருக்கு அனுப்பினாள். விரல் ஒரு கணம் நின்றது. பிறகு அதே கடிதத்தை, பாதத்தை வடிவமைத்த பொறியாளருக்கும் அனுப்பினாள். இறங்கத் தோன்றாமல் மேட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தாள். அரைமணியில் பொறியாளரின் பதில் வந்தது. திட்டுவார் என்று நினைத்துத்தான் திறந்தாள். இரண்டே வரி: கையெழுத்தை நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். மைதானத்துக்கு வெளியே எவ்வளவு தூரம் போக முடியும்?

"என்னம்மா, வீட்டுக்கா?" கீழே நொல்பெர்த்தோ வண்டிச் சாவியை ஆட்டினார்.

"இன்னும் எத்தன நாளுக்குத் தண்ணி இருக்குண்ணே?"

"சிக்கனமா குடிச்சா நாலு. கண்டபடி கேள்வி கேட்டா மூணு."

கம்பியைத் தோளில் சாய்த்துக்கொண்டு ராயேன் கிழக்கே நடந்தாள். மைதானம் முழுக்க அவள் நடந்ததற்கு அடையாளமே விழவில்லை. அதன் எல்லையைத் தாண்டியதும் முதல் காலடி ஆழமாகப் பதிந்தது. பின்னால் வந்த நொல்பெர்த்தோ அந்தப் பள்ளத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு அதை மிதிக்காமல், பக்கத்தில் தன் காலை வைத்தார்.