நம்ம ஜூலியஸ் செய்த மூன்று கொலைகள்

ஜூலியஸ் மூன்று பெண்களைக் கொன்றார் என்று முதலில் சொன்னது நானில்லை, ரூபினிதான். நான் அதற்குக் கொஞ்சம் கை கால் வைத்தேன், அவ்வளவுதான்.

கோலசிலாங்கூரில் எங்கள் தாமான் குடியிருப்பில் நல்லம்மாள் வீட்டுக்குப் பின்னால் முறுக்குக் கொட்டகை. நானும் நல்லம்மாளும் அவள் மருமகள் ரூபினியும் பிழிகிறோம். கையெல்லாம் மாவு, காது மட்டும் சும்மா இருக்கிறது. அதற்காக ரூபினி கைப்பேசியில் ஓர் ஒலிநூல் போட்டுவிட்டாள். சுவீடன் நாட்டுக் கொலைக் கதை, தமிழில் மொழிபெயர்த்தது. பனிக்கு அடியில் பிணம் கிடப்பதை வாசிக்கிறவர் வானிலை அறிக்கை மாதிரி நிதானமாகச் சொல்கிறார்.

கதை நல்ல கதைதான். பெயர்தான் மனதில் நிற்கவில்லை. ஷெல்ஸ்ட்ராண்ட் யார், ஷெல்பெர்க் யார்? செத்தவன் இரண்டு அத்தியாயம் கழித்துக் காப்பி குடிக்கிறான்.

"ஏம்மா, இவன நேத்தே பொதைச்சாச்சுல்ல?" என்றாள் நல்லம்மாள்.

"அது அவன் தம்பி லா அத்தே!"

கடைசியில் எங்கள் தாமான் ஆட்களின் பெயரையே வைத்துக்கொண்டோம். சதா குடிக்கும் துப்பறிவாளர், நம்ம செக்யூரிட்டி சின்னையா. கோயிலில் பெரிய மனிதராக நடமாடும், அதிர்ந்து பேசாத அந்தச் சந்தேகப் பேர்வழிக்கு யார் பெயர் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. மூன்று பேரும் எதிர்வீட்டைப் பார்த்தோம். செம்பனை எண்ணெய் ஆலையில் எடை பார்க்கும் ஜூலியஸ், மாதா கோயில் மூப்பர். அதிர்ந்து பேசவே மாட்டார்.

அதன்பிறகு கதை கண்ணாடி மாதிரிப் புரிந்தது.

ஜூலியஸ் மகள் அலீசியாவுக்கு பத்தாங் காலியில் மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முதல் ஓலை வாசித்து ஊருக்குக் கல்யாணத்தை அறிவிக்க வேண்டும். பெண் வீட்டைப் பற்றி விசாரிக்க வருகிறவர்கள் நேரே கேட்க மாட்டார்கள், எதையாவது வாங்குகிற சாக்கில் அக்கம்பக்கத்தில் காது கொடுப்பார்கள். நானே பல வீடுகளுக்கு அப்படிப் போயிருக்கிறேன். ஆனாலும் சனிக்கிழமை காலை முறுக்கு வாங்க வந்து நின்ற பெண்மணி மாப்பிள்ளையின் அத்தை செலீனா என்று எனக்குத் தோன்றவில்லை. கைப்பேசியை நிறுத்திவிட்டுக் கொலைகாரன் யார் என்று வாதாடிக்கொண்டிருந்தோம்.

"ஜூலியஸேதான். மூஞ்சப் பாத்தாலே தெரியல?" என்றாள் ரூபினி.

"பாவம், மூணு பொண்ணுங்க," என்றாள் நல்லம்மாள்.

"பாவமாவது! அவனப் பத்தி எனக்குல்ல தெரியும்," என்று நான் ஆரம்பித்து, கொஞ்ச நேரம் பேசினேன்.

அந்த அம்மாள் ஐந்து பொட்டலம் வாங்கினாள், சில்லறையைக்கூட வாங்காமல் விறுவிறுவென்று போனாள்.

மத்தியானம் மவுரீன் அழுதுகொண்டு வந்தாள். ஜூலியஸின் மனைவி.

"ஓலை வாசிக்க வேணாம்னுட்டாங்க அக்கா. மாப்பிள்ளையோட அத்தை இங்க வந்து விசாரிச்சாங்களாம். எங்க வீட்டுக்காரரு என்னாதான் செஞ்சாரு?"

ரூபினி முறுக்கு அச்சைக் கீழே வைத்தாள். நான் நேரே அவர்கள் வீட்டுக்குப் போய், கூடத்தில் ஜூலியஸ், மவுரீன், அலீசியா எல்லாரும் கேட்கும்படி மவுரீனிடம் நம்பர் வாங்கிச் செலீனாவுக்குப் போன் போட்டேன். எல்லாம் ஒலிநூல் கதை என்று விளக்கினேன். அந்த அம்மாள் லேசில் விடுகிற ஆளில்லை.

"ஒவ்வொண்ணா கேக்கறேன், சொல்லுங்க. மொதல் சம்சாரத்த ஏரியில தள்ளுனாராமே?"

"அது சுவீடன்ல."

"ஸ்டோர்ல பூட்டு போட்ட பெட்டி?"

"அதுவும் சுவீடன். இங்கயும் ஒண்ணு இருக்கு, ஆனா அதுல கிறிஸ்மஸ் மரம்."

"மாமியா செத்ததுக்கு அழலியாமே?"

"அது... அது இங்க," என்றேன். ஜூலியஸ் தலையைக் குனிந்துகொண்டார். "ஆனா யாருதான் அழுதாங்க?"

"ஆன்ட்டி, பிளீஸ்," என்றாள் அலீசியா. கண் கலங்கியிருந்தது.

"கடைசியா ஒண்ணு. வியாழக்கிழமையானா வீட்டுக்குத் தெரியாம செகிஞ்சானுக்குப் போறாராமே?"

சொன்னது நான்தான், நினைவிருக்கிறது. ஆனால் எங்கே கேட்டுச் சொன்னேன்? பதினாலாம் அத்தியாயத்தில் ஒருவன் துறைமுகத்துக்குப் போகிறான். அவனா? இல்லை, நம்ம பக்கத்து மீனவ ஊரான செகிஞ்சானின் படகுத்துறையில் இவரைப் பார்த்ததாக என் கொழுந்தனார் சொன்னாரே, அதுவா? இரண்டும் கலந்து குழம்பிப்போய்விட்டது. அலீசியா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சுவீடன்!" என்றேன்.

"அப்பச் சரி. நாளைக்கு ஓலை வாசிக்கட்டும்," என்று செலீனா போனை வைத்தாள்.

அலீசியா என்னைக் கட்டிக்கொண்டாள். நான் மெல்லச் செருப்பைத் தேடினேன்.

"அக்கா, நில்லுங்க," என்றாள் மவுரீன். "சுவீடன்ல ஏது செகிஞ்சான்?"

"மீன் வாங்க லா," என்றார் ஜூலியஸ், வழக்கம்போல அதிர்ந்து பேசாமல்.

"நம்ம வீட்டுல வியாழக்கிழமை என்னைக்குங்க மீன் சமைச்சேன்?"

அவர் என்னைப் பார்த்தார், அடுத்த அத்தியாயத்தில் என்ன வருகிறது என்று எனக்குத் தெரியும் என்பதுபோல. சத்தியமாக எனக்குத் தெரியாது.