ஐம்பத்தெட்டு வாரியங்கள்

அரசின் செலவில் இருபதில் ஒரு பங்கைக் குறைக்க மூன்று மாதத்துக்குள் வழி சொல்லுங்கள் என்று நிதித் துறைச் செயலாளர் ஐந்து அதிகாரிகளைக் கூப்பிட்டுச் சொன்னார். நான்கு பேர் முந்திக்கொண்டார்கள். வாகனம் ஒருவருக்கு, கட்டடமும் வாடகையும் ஒருவருக்கு, அச்சும் காகிதமும் ஒருவருக்கு, பயணம் ஒருவருக்கு. கடைசியாக வாய் திறந்த கணக்கு அதிகாரியின் தலையில் பொது வாரியங்கள் வந்து விழுந்தன. மொத்தம் ஐம்பத்தெட்டு.

வாரியங்களைத் தொட யாருக்கும் துணிச்சல் இருந்ததில்லை. ஒவ்வொன்றிலும் ஏழெட்டு உறுப்பினர்கள். ஒவ்வோர் உறுப்பினருக்குப் பின்னாலும் ஒரு பெரிய இடம். கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்தால் அமர்வுப் படி உண்டு. ஒரு தடவை உட்கார்ந்து எழுந்தால் ஒரு குமாஸ்தாவின் நாலு நாள் சம்பளம். வந்து போகும் செலவு தனி.

அந்தக் கணக்கு அதிகாரிக்கு நாற்பத்திரண்டு வயது. இருபது வருடமாகக் கணக்கோடு மல்லுக்கட்டியவள். வாரியங்களின் வருகைப் பதிவேடுகளையும் நடவடிக்கைக் குறிப்புகளையும் வரவழைத்து, மேஜையில் இடம் போதாமல் தரையிலும் அடுக்கிக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தாள். ஆற்றின் மேல் பாலம் வந்து பதினான்கு வருடம் ஆகியும் படகுத்துறைக்கு ஒரு வாரியம் இருந்தது. அதன் கடைசிக் கூட்டம் பதினோரு நிமிடம் நடந்திருந்தது. முந்தைய கூட்டத்தின் குறிப்பை ஏற்றுக்கொண்டு, அடுத்த கூட்டத்துக்குத் தேதி வைத்துவிட்டு, தேநீர் குடித்துக் கலைந்திருந்தார்கள்.

"படகே இல்லையே சார்" என்றாள், கட்டடமும் வாடகையும் பார்க்கும் பக்கத்து மேஜைக்காரரிடம்.

"படகு இல்லேன்னா என்ன மேடம், உறுப்பினருங்க கரை சேர்ந்துட்டாங்கல்ல" என்றார் அவர், தலை நிமிராமல்.

இரண்டு வாரத்துக்குள் அவளுக்கு அலுவலகத்தில் 'கத்தரி' என்று பேர் வந்துவிட்டது. அவள் காதுபடவே சொன்னார்கள். அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்றாவது வாரம் கிடங்கு வாரியத்தின் பதிவேட்டைத் திறந்தாள். உறுப்பினர் பட்டியலில் நாலாவதாக அவளுடைய அண்ணன் பெயர் இருந்தது. அது அவளுக்குத் தெரிந்ததுதான். ஒரு தனியார் கம்பெனியில் கிடங்கு மேற்பார்வையாளராக இருந்தவர், தொழிலாளர் தரப்பில் வாரியத்துக்கு நியமிக்கப்பட்டபோது வீட்டில் எல்லோருக்கும் பெருமை. ஆனால் அதற்கடுத்து வந்த சந்தை வாரியத்திலும் எடை அளவு வாரியத்திலும் அவர் பெயர் இருந்தது. இது தெரியாது. மூன்றிலும் ஒரு கூட்டம் கூட விடவில்லை. மழை நாளில் தலைவரே வராதபோதும் அண்ணனின் கையெழுத்து இருந்தது.

அண்ணனின் கம்பெனி மூடி இரண்டு வருடம் ஆகியிருந்தது. கம்பெனிக்காரர்கள் மாதாமாதம் ஏதோ கொடுக்கிறார்கள் என்று அண்ணி சொல்லியிருந்தாள். மூடிய கம்பெனி எதைக் கொடுக்கும் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. இப்போது மூன்று வாரியத்தின் படியையும் மனத்துக்குள் சேர்த்துப் பார்த்தபோது, ஒரு வீடு இழுத்துப் பிடித்து ஓடுவதற்குச் சரியாக இருந்தது.

அன்றே செயலாளரிடம் போய் நின்றாள்.

"சார், மூணு வாரியத்துல என் கூடப் பிறந்த அண்ணன் இருக்கார். அதை நான் பாக்கக் கூடாது."

செயலாளர் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க சொல்லலைன்னா யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

"எனக்குத் தெரியுமே சார்."

அதையே எழுத்தில் வாங்கிக்கொண்டு, மூன்று கோப்புகளையும் பக்கத்து மேஜைக்காரரிடம் மாற்றிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போனாள். எதையும் சொல்வதற்காக இல்லை, சொல்லவும் கூடாது. ஆனாலும் போகாமல் இருக்க முடியவில்லை. இரண்டு அறையும் ஒரு சமையலறையும் உள்ள மாடி வீடு. அண்ணி சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் கூட்டம். அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்து கூட்டத்துக்கான காகிதங்களைப் படித்து, ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். அண்ணி இஸ்திரி போட்ட சட்டையின் கழுத்துப்பட்டி ஒருமுறை பிரித்துத் திருப்பித் தைக்கப்பட்டிருந்ததை அவள் அப்போதுதான் கவனித்தாள்.

"உனக்குக் கத்தரின்னு பேர் வெச்சிருக்காங்களாமே" என்றார் அண்ணன்.

"வெச்சா வெச்சுட்டுப் போறாங்க."

"எங்க வாரியம் எல்லாம் உன் கையிலதானா?"

"நீங்க இருக்கற மூணும் என் கையில இல்ல அண்ணா. நான் பாக்க மாட்டேன்னு எழுதிக் கொடுத்துட்டேன்."

அண்ணன் காகிதத்தை மடித்து வைத்தார். "ஏன்?"

"ஏன்னா நீங்க என் அண்ணன்."

"அண்ணன்னு சொல்லி எனக்குச் சலுகை காட்டச் சொன்னேனா? நீ பாத்திருந்தா முழுசாப் படிச்சிருப்பே. படிச்சிட்டு வேண்டாம்னு சொன்னா, சரின்னு எழுந்து வந்திருப்பேன். இப்ப யாரோ ஒருத்தர் பேரை மட்டும் பாத்து ஒரு கோடு போடுவார்."

"அப்படி இல்லண்ணா..."

"எப்படி இல்ல? எங்க கூட்டத்துல காகிதத்தைப் பிரிச்சுப் படிக்கிற ஆள் நான் ஒருத்தன்தான்."

எழுந்து உள் அறைக்குப் போய்விட்டார். கதவைச் சாத்தவில்லை, அவ்வளவு கோபம் இல்லை. அண்ணி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"வீடு எப்படி ஓடுதுன்னு உனக்குத் தெரிஞ்சு போச்சு, இல்ல?" என்றாள் தாழ்ந்த குரலில்.

"ஏன் அண்ணி என்கிட்ட சொல்லல?"

"தங்கச்சிகிட்ட கை நீட்ட வேண்டாம்னு அவருக்கு. கூட்டத்துக்குப் போறதையாவது ஒரு வேலையா நினைச்சுக்கிட்டு இருக்கட்டும்னு எனக்கு. உன்னைக் குத்தம் சொல்லலம்மா. நீ செஞ்சது சரிதான். சரியானதைச் செஞ்சாலும் வலிக்கத்தானே செய்யும்."

அலுவலகத்தில் மறுநாள் பக்கத்து மேஜைக்காரர் கிடங்கு வாரியத்தின் குறிப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவள் எதுவும் கேட்கவில்லை. அவரே தொண்டையைக் கனைத்தார்.

"மேடம், உங்க அண்ணன்னு சொல்லல. பொதுவாச் சொல்றேன். இதுல 'ஓர் உறுப்பினர்'னு ஒருத்தர் வர்றார். நாலாம் நம்பர் கிடங்கு ஆறு வருஷமாச் சும்மா கிடக்கு, வாடகை மட்டும் ஏன் போகுதுன்னு கேக்கறார். கீழ என்ன எழுதியிருக்கு தெரியுமா? 'குறித்துக்கொள்ளப்பட்டது.' அடுத்த கூட்டத்துலயும் கேக்கறார். அதுவும் குறித்துக்கொள்ளப்பட்டது. ஒன்பது தடவை. குறிச்சுக் குறிச்சே கை ஓஞ்சு போயிருக்கும்."

"வாடகை உங்க பிரிவுதானே சார்?"

"அதான் எனக்கே வெக்கமா இருக்கு. வண்டிக்குச் சொல்லியிருக்கேன். வாங்க, ரெண்டு பேர் பாத்தா நாளைக்கு யாரும் மறுக்க முடியாது."

ஊருக்கு வெளியே ரயில் பாதையை ஒட்டி நீளமான தகரக் கூரைக் கட்டடம். துருப்பிடித்த பூட்டைத் திறக்கக் காவலாளிக்குப் பத்து நிமிடம் ஆனது. உள்ளே ஒரு மூட்டைகூட இல்லை. கூரையில் நாலு இடத்தில் வெளிச்சம் தெரிந்தது. அதன் நேர் கீழே தரையில் தண்ணீர் தேங்கிப் பாசி பிடித்திருந்தது.

"இங்க என்ன சரக்கு வரும்?" என்று கேட்டார் பக்கத்து மேஜைக்காரர்.

"ஆறு வருஷமா நான் ஒருத்தன்தாங்க சரக்கு" என்றார் காவலாளி. "என்னையும் எலி தின்னாம பாத்துக்கிட்டு இருக்கேன்."

சிரித்துவிட்டு, உடனே பயந்துபோனார். "என் வேலைக்கு ஒண்ணும் வந்துடாதே?"

அலுவலகம் திரும்பியதும் பக்கத்து மேஜைக்காரர் எழுதிய அறிக்கையில், கிடங்கை விட்டுவிடும்போது காவலாளியை வேறொரு கட்டடத்துக்கு மாற்ற வேண்டும் என்று ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னாள். அவர் ஏற்கெனவே சேர்த்திருந்தார்.

ஊர் நடப்பைவிடப் பல மடங்கு கூட்டிப் பேசியிருந்த அந்த ஒரு கிடங்கின் ஒரு வருட வாடகை, ஐம்பத்தெட்டு வாரியங்களின் இரண்டரை வருட அமர்வுப் படிக்குச் சமமாக இருந்தது. மூன்று முறை கூட்டிப் பார்த்தார்கள். செயலாளர் நாலாவது முறை கூட்டினார்.

"கட்டடத்தோட சொந்தக்காரர் லேசுப்பட்ட ஆள் இல்ல" என்றார். "வாரியத்தை மூடினா பேப்பர்ல நல்ல பேர் வரும். இதைத் தொட்டா எனக்குப் போன் வரும்."

செயலாளர் அறிக்கையை மறுபடி புரட்டினார்.

"இதை யார் கண்டுபிடிச்சது?"

பக்கத்து மேஜைக்காரர்தான் பதில் சொன்னார். "வாரிய உறுப்பினர் ஒருத்தர் சார். ஒன்பது தடவை கேட்டிருக்கார்."

செயலாளர் ஒன்பது குறிப்புகளையும் வாங்கி, உட்கார்ந்து படித்தார். பிறகு பேனாவை எடுத்தார். "போன் வந்தா வரட்டும்" என்று கையெழுத்துப் போட்டார்.

பக்கத்து மேஜைக்காரர் கிடங்கு வாரியம் இருக்கட்டும், உறுப்பினர்களைப் பாதியாகக் குறைக்கலாம் என்று எழுதியிருந்தார். மேலிடத்தில் அதை ஏற்கவில்லை. நாற்பத்தொரு வாரியங்கள் மூடப்பட்டன. அண்ணனின் மூன்றும் அதில் போயின. படகுத்துறை வாரியம் எப்படியோ தப்பித்துக்கொண்டது. எப்படி என்று கேட்டபோது செயலாளர் கூரையைப் பார்த்தார். நாலாம் நம்பர் கிடங்கின் வாடகை ஒப்பந்தத்தை ரத்து செய்தார்கள். போன் வந்ததாகவும் செயலாளர் தாக்குப்பிடித்ததாகவும் பேச்சு.

அண்ணனுக்கு இரண்டு வரியில் ஒரு நன்றிக் கடிதம் போனது. அதில் அவருடைய பெயரில் ஓர் எழுத்து தவறாக இருந்தது. நான்கு மாதம் அவர் தங்கையின் வீட்டுப் பக்கம் வரவில்லை. அவள் போனபோதெல்லாம் தலையாட்டினார், சாப்பிட்டாயா என்று கேட்டார், அதோடு சரி. அண்ணிதான் இரண்டு பக்கமும் பேசினாள். வாசலில் அவள் அண்ணி கையில் பணத்தைத் திணித்தால், அண்ணி அந்தப் பணத்தில் அவளுடைய பிள்ளைகளுக்கே துணி எடுத்து, அடுத்த முறை அவளிடம் கொடுத்தனுப்பினாள்.

அப்போதுதான் அரசு வாடகைக்கு எடுத்திருக்கும் எல்லாக் கிடங்குகளையும் நேரில் போய்ப் பார்த்து எழுத, அனுபவமுள்ள ஒருவரை ஒரு வருடத்துக்கு வேலைக்கு வைப்பதென்று முடிவானது. விளம்பரம் வந்தது. பக்கத்து மேஜைக்காரர் அந்தப் பக்கத்தைக் கிழித்து அவளிடம் நீட்டினார். "நான் யாருக்கும் சொல்லல மேடம். பேப்பர் மேஜை மேல கிடந்துச்சு, நீங்க எடுத்துட்டுப் போனீங்க."

அவள் அதை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுப் படியேறினாள். அவர் வாங்கி முழுவதும் படித்தார். அடிக்குறிப்பைக்கூட விடவில்லை. பிறகு அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

"எனக்கே அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு" என்றார்.

"அப்ப விண்ணப்பம் போடுங்கண்ணா. தேர்வு செய்யறது நான் இல்ல. வேற துறை."

"தெரியும். எனக்குத் தகுதி இருக்குன்னும் தெரியும். கிடைச்சாலும் கிடைக்கும். ஆனா நாளைக்கு ஒருத்தன் என்ன சொல்லுவான்? கத்தரி மத்தவங்களை வெட்டிட்டு அண்ணனுக்கு மட்டும் சட்டை தைச்சுக் கொடுத்துட்டான்னு சொல்லுவான். நீ அன்னிக்கு எழுதிக் கொடுத்தியே, அதுக்கு அப்புறம் மதிப்பு இருக்காது."

"அன்னிக்கு அதுக்குத்தானே என்மேல கோபப்பட்டீங்க?"

"கோபப்பட்டேன். யோசிக்க நாலு மாசம் கிடைச்சுதில்ல." அண்ணன் முகத்தில் கொஞ்சம் சிரிப்பு வந்தது. "அதுவும் சம்பளம் இல்லாம."

உள்ளேயிருந்து அண்ணி வந்தாள். "சொல்லுங்களேன், ஏன் மூடி வெக்கறீங்க?"

அண்ணனுக்கு லாரி புக்கிங் அலுவலகம் ஒன்றில் சரக்குச் சரிபார்க்கும் வேலை கிடைத்திருந்தது. போன திங்கட்கிழமையிலிருந்து போகிறார். வாரியத்தில் கிடைத்ததைவிடக் குறைவுதான். காலை எட்டு மணிக்கெல்லாம் போக வேண்டும், முழு நாளும் நிற்க வேண்டும், முழங்கால் வலிக்கிறது. முதலாளிக்கு அவரைவிட இருபது வயது குறைவு.

"எப்படி நடத்தறார்?" என்று கேட்டாள்.

"கத்துவான். ஆனா ரெண்டாவது நாள் ஒரு பில்லுல தப்பு இருக்குன்னு சொன்னேன். அந்த நிமிஷமே வண்டியை நிறுத்தி மூட்டையை எண்ண வெச்சான்." அதைச் சொல்லும்போது அண்ணன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "தப்பு இருந்துச்சு."

"முழங்காலுக்கு டாக்டரைப் பாத்தீங்களா?"

"பாக்கணும்."

"சனிக்கிழமை நான் வர்றேன். சேர்ந்து போவோம். செலவு நான் பாத்துக்கறேன், வேண்டாம்னு சொல்லக் கூடாது."

அண்ணன் அண்ணியைப் பார்த்தார். அண்ணி வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

"சரி, வா" என்றார். "அன்னிக்கு அரை நாள் லீவு சொல்லிடறேன். பத்து மணிக்கு முன்னாடி வா. அப்புறம் போனா அங்க கூட்டம் தாங்காது."