நான்காக மடித்த கவசம்

ஈய ஏப்ரனை மடிக்கக் கூடாது. இதை எக்ஸ்ரே அறைச் சுவரில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். மடித்தால் உள்ளே கதிரைத் தடுக்கும் ஈய ரப்பர் விரிசல் விட்டுவிடும்; மேலே துணி மட்டும் புதுசு மாதிரி பளபளவென்று இருக்கும். கொக்கியில் தொங்கவிட வேண்டும், அவ்வளவுதான் வேலை. அதைக்கூடச் செய்யத் தெரியாத மனுஷன், எங்கள் ஆஸ்பத்திரிக் கோயில் பாஸ்டர், ஆறு ஞாயிற்றுக்கிழமை கவசத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்தார்.

இந்த ஆஸ்பத்திரியில் பத்தொன்பது வருஷமாக எக்ஸ்ரே எடுக்கிறேன். எனக்கு உதவிக்கு இருப்பவள் என் தம்பி பெண்டாட்டி. நடந்து வருவது காதில் விழாது என்பதால் ஆஸ்பத்திரி முழுக்க அவளைப் பூனை என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான். சின்னப் பிள்ளைகளை ஆடாமல் அசையாமல் பிடித்துக்கொள்வது அவள் வேலை. பெற்றவர்களைப் பிடிக்கச் சொன்னால் பிள்ளை வீறிட்டதும் கையை விட்டுவிடுவார்கள், படம் பாழாகும், மறுபடி எடுக்க வேண்டும். பூனை விடமாட்டாள். காதோரம் ஏதோ முணுமுணுப்பாள், எப்பேர்ப்பட்ட வாண்டும் அடங்கிப்போகும். நான் தடுப்புக்குப் பின்னால் நின்று பொத்தானை அழுத்துவேன். அவள் உள்ளே பிள்ளையோடு நிற்பாள். கதிருக்கும் அவளுக்கும் நடுவே இருப்பது அந்த ஒரு ஏப்ரன்தான்.

அவளுக்கு இப்போது மூன்றாம் மாதம். இதற்கு முன் இரண்டு தடவை தங்கவில்லை. அதனால் நாலாம் மாதம் முடிகிறவரை யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டிருந்தாள். காரணம் சொல்லாமல் மேனேஜரிடம் வேறு ஆள் கேட்டுப் பார்த்தேன். "இருக்கிறவங்களை வச்சு ஓட்டுங்கம்மா" என்றார். ஓட்டினேன். ஏப்ரன் இருக்கிறது, நான் இருக்கிறேன், என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அன்றைக்குப் பத்து மணி வாக்கில் கூட்டமில்லை. ஈரத்துணியால் ஏப்ரனைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வயிற்றுப் பக்கம் விரலில் ஏதோ தட்டியது. குறுக்கே ஒரு மேடு. திரும்பத் தடவினேன். நெடுக்கே இன்னொன்று.

"ஏ பூனை, இதை யாராவது மடிச்சாங்களா?"

அவள் மேசைக்கு விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தாள். "பாஸ்டர் ஐயாகிட்ட இருந்து வந்தப்ப மடிச்சுதான் வந்துச்சு அண்ணி. நான்தான் உதறி மாட்டினேன்."

"பாஸ்டர்கிட்டயா? அங்க எதுக்குப் போச்சு?"

சொன்னாள். போன மாதம் கால் சுளுக்கி நான் ஒரு வாரம் வீட்டில் கிடந்தேனே, அறை பூட்டியிருந்ததே, அந்த வாரம். ஆஸ்பத்திரிக் கோயிலில், வேதத்தில் வருகிற தேவனுடைய கவசத்தை வாரம் ஒரு பாகமாக விளக்கும் பிரசங்கம் ஓடிக்கொண்டிருந்தது. முதல் வாரம் இடுப்புக் கச்சை, அடுத்த வாரம் மார்க்கவசம். கையில் காட்ட ஏதாவது வேண்டும் என்று பாஸ்டர் கேட்க, மேனேஜர் எங்கள் அறையைக் கைகாட்டியிருக்கிறார். ஆம்புலன்ஸ் டிரைவருக்கு ஏப்ரனை மாட்டி முன்னால் நிறுத்தி, "மனுஷன் செஞ்ச கவசம் எவ்வளவு கனம் பாருங்க! தேவன் தர்ற கவசத்துக்குக் கனமே இல்ல!" என்றாராம். எல்லோரும் ஆமென் என்றார்களாம். அப்புறம் அதை நான்காக மடித்துக் கார் டிக்கியில் போட்டு, மேலே இரண்டு பெட்டி பாட்டுப் புத்தகத்தை ஏற்றி, ஐந்து நாள் கழித்துக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்.

"நல்ல காரியத்துக்குத்தானேன்னு நானே அறையைத் திறந்து எடுத்துக் குடுத்தேன் அண்ணி" என்றாள். அவள் குரலில் இன்னும் கொஞ்சம் பெருமை இருந்தது.

ஏப்ரன் தேறுமா தேறாதா என்று பார்க்க அதையே எக்ஸ்ரே எடுப்பேன். நல்ல ஏப்ரன் என்றால் பிலிம் வெள்ளையாக வரும், கதிர் உள்ளே போகவில்லை என்று அர்த்தம். ஓட்டை இருந்தால் அந்த இடம் கறுக்கும். மேசையில் விரித்துப் படம் எடுத்தேன். பிலிமைக் கழுவி, வெளிச்சத்தில் படம் பார்க்கிற லைட் பாக்ஸில் மாட்டினேன். வெள்ளைக்கு நடுவே குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கறுப்புக் கோடு, சந்திக்கிற இடத்தில் விரல் நுழைகிற அகலம். சிலுவை மாதிரி இருக்கிறதே என்று யாராவது வாயைத் திறந்திருந்தால் அறைந்திருப்பேன்.

கேலண்டரைப் பார்த்தேன். இருபத்து மூன்று நாள். எத்தனை பிள்ளைகளைப் பிடித்திருப்பாள் என்று எண்ணப் பயமாக இருந்தது. கசிந்தது கொஞ்சமாகத்தான் இருக்கும்; ஒன்றும் ஆகாமலும் போகலாம். ஆனால் இரண்டு தடவை இழந்தவளிடம் போய் 'ஆகாமலும் போகலாம்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வேதத்தில் கவசத்தைப் பற்றிய அந்தப் பகுதியை நானும் படித்தவள்தான். எழுதியவர் ஜெயிலில் இருந்தவர். பக்கத்திலேயே காவலுக்கு ஒரு சிப்பாய் நின்றிருப்பான். அவன் காலையில் வாரை இறுக்குவதையும், துருவைத் தேய்ப்பதையும், கேடயத்தில் கீறல் விழுந்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பதையும் நாள்தவறாமல் பார்த்தவர் எழுதியது அது. கவசம் என்றால் அவருக்கு அதுதான். இன்னொரு இடத்தில் ஆடு மேய்க்கிறவன் ஒருவன் ராஜா கொடுத்த கவசத்தையே, பழகிப் பார்க்காததைப் போட மாட்டேன் என்று கழற்றி வைத்துவிடுகிறான். அவனுக்கு இருந்த அறிவு பத்தொன்பது வருஷ சர்வீஸ் போட்ட எனக்கு இல்லை. லீவு முடிந்து வந்த அன்றே இதைத் தடவிப் பார்த்திருக்க வேண்டாமா? பாஸ்டர் மேல் வந்த கோபத்தில் பாதி எனக்குத்தான் சேர வேண்டும். ஆனாலும் பங்கு போட எனக்கு மனசில்லை.

அப்போதுதான் கதவைத் தள்ளிக்கொண்டு அவரே வந்தார். தோளில் அவருடைய நாலு வயது மகள், மணிக்கட்டு வீங்கி, அழுது அழுது தொண்டை கட்டி.

"கோயில் படியில விழுந்துட்டா சிஸ்டர். எலும்பு முறிவான்னு பாக்கணும்னு டாக்டர் சொன்னார். இந்த எக்ஸ்ரேவால பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதே? சின்ன உடம்பாச்சே."

"ஒரு படம்தான், கைக்கு மட்டும். ஒண்ணும் ஆகாது" என்றேன். பிள்ளை மேல் எனக்கென்ன கோபம்?

பூனை வழக்கம்போல ஏப்ரனுக்குக் கை நீட்டினாள். வெடுக்கென்று பிடுங்கினேன்.

"நீ வெளிய போ. பாஸ்டர், நீங்களே பிடிங்க."

"எனக்குப் பழக்கமில்லையே. அந்தச் சிஸ்டர் நல்லாப் பிடிப்பாங்கன்னு..."

"பிடிப்பா. இருபத்து மூணு நாளா நீங்க மடிச்சுக் குடுத்ததை மாட்டிக்கிட்டுதான் பிடிச்சா. அங்க பாருங்க, உங்க மார்க்கவசம்."

லைட் பாக்ஸைப் பார்த்தார். அது என்ன என்று புரிய வைக்க எனக்கு நாலு வாக்கியம்தான் ஆனது. முகம் வெளுத்துவிட்டது. நான் நீட்டிய ஏப்ரனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார், "வேற ஒண்ணு இல்லையா?"

இதைக் கேட்காமல் இருந்திருந்தாலாவது எனக்கு மனசு இறங்கியிருக்கும்.

"இல்ல. அவளுக்கும் இல்ல, உங்களுக்கும் இல்ல. ஒரு தடவைக்கு ஒண்ணும் ஆகாது, மாட்டுங்க."

மாட்டிக்கொண்டார். பிள்ளையின் கையை நான் பிலிம் தட்டில் வைத்துக் காட்டினேன், தடுப்புக்குப் பின்னால் போனேன், அழுத்தினேன். படத்தில் எலும்பில் கோட்டு விரிசல்கூட இல்லை, வெறும் வீக்கம். சொன்னதும் மகளை வாரி அணைத்துக்கொண்டு ஸ்தோத்திரம் சொன்னார். நல்ல தகப்பன்தான். அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

வெளியே போன பூனை அங்கேயே நிற்கவில்லை. எப்போது லைட் பாக்ஸ் பக்கம் வந்தாள் என்று தெரியாது. பிலிமைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள்.

"அண்ணி, இது ஏப்ரன்ல எந்த இடம்?"

"வேண்டாம்டி. வச்சிடு."

"எந்த இடம்னு சொல்லுங்க."

"நடுவுல" என்றேன்.

அவள் பிலிமைத் தன் வயிற்றோடு சேர்த்து வைத்தாள். மேல் விளிம்பைக் கொஞ்சம் ஏற்றினாள், இறக்கினாள், ஏப்ரன் நிற்கிற உயரத்துக்குச் சரி பார்த்தாள். வெளிர்நீலச் சீருடைமேல் கறுப்புக் கோடுகள் பளிச்சென்று தெரிந்தன. தொப்புளுக்கு நாலு விரல் கீழே இரண்டும் சந்தித்தன.

பாஸ்டருக்கு அப்போதுதான் புரிந்தது. "ஐயோ... எத்தனை மாசம்?" என்றார். மகளை ஒரு தோளில் இருந்து மறு தோளுக்கு மாற்றினார். "எனக்குத் தெரியாதும்மா. சத்தியமாத் தெரியாது. கர்த்தர் காப்பாத்துவார். வாங்க, இப்பவே ஜெபம் பண்ணுவோம்." ஒரு கையைத் தூக்கிக் கண்ணை மூடினார்.

நான் வாயைத் திறப்பதற்குள் பூனை பேசினாள். அந்த அறையில் அவள் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை.

"கண்ணைத் திறங்க ஐயா. இதைப் பாத்துக்கிட்டே ஜெபம் பண்ணுங்க."