தூணுக்குப் பின்னால் நின்ற கார்

அந்த ஷோரூமில் எல்லாக் கார்களுக்கும் மேலே ஒரு விளக்கு உண்டு, மின்சாரக் காருக்கு மட்டும் கிடையாது. அதைத் தூணுக்குப் பின்னால், காலித் தண்ணீர்க் கேன்களுக்குப் பக்கத்தில் ஒதுக்கி வைத்திருந்தார்கள். ஊழியர்கள் சாப்பாட்டுப் பைகளை அதன் பின்சீட்டில் வைப்பார்கள். காவலாளியின் குடை அதன் பக்கக் கண்ணாடியில் தொங்கும். யாராவது ஓட்டிப் பார்க்கக் கேட்டால், "சார்ஜ் இல்லீங்க" என்பதுதான் பதில். சார்ஜ் எங்கிருந்து வரும்? சார்ஜ் போடும் கேபிளை மேனேஜர் தன் வீட்டில் பத்திரப்படுத்தியிருந்தார். கேட்டால், "இங்க இருந்தா எவனாவது அடிச்சிட்டுப் போயிடுவான், நாளைக்குக் கொண்டாரேன்" என்பார். அந்த நாளை ஆறு மாதமாக வரவில்லை.

உண்மையான காரணம் கறார் அக்காவுக்குத் தெரியும். கறார் என்பது அவளுக்கு உடன் வேலை செய்பவர்கள் வைத்த பெயர். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று கேட்டால் மற்றவர்கள் விளம்பரத்தில் உள்ளதைச் சொல்வார்கள், அவள் ரோட்டில் ஓடுவதைச் சொல்வாள். விற்பனையில் இப்படி ஒரு வாயை வைத்துக்கொண்டு ஏழு வருடம் தாக்குப்பிடித்ததே பெரிய விஷயம். அவளிடம் மேனேஜர் ஒருநாள் மனம் விட்டுச் சொல்லியிருந்தார்.

"அதுக்கு ஆயில் மாத்தணுமா? கிளட்ச் தேயுமா? வாங்கிட்டுப் போறவன் அப்புறம் நம்ம பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்க மாட்டான். பின்னாடி ஒர்க்‌ஷாப்புல நாம ஈ ஓட்டிட்டு உக்காந்திருக்கணும்."

அவர் பயம் நியாயமானதுதான். அதற்காக வருகிறவர்களின் கண்ணைக் கட்டுவதா என்பதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

இத்தனை நாள் அவருக்கு விலையே துணையாக நின்றது. விலையைக் கேட்டவர்கள் தாமாகவே பெட்ரோல் கார் பக்கம் நகர்ந்துவிடுவார்கள். அன்று காலை வந்த புதிய விலைப்பட்டியல் அந்தத் துணையையும் பிடுங்கிக்கொண்டது. அந்த வருடத்தில் மூன்றாவது குறைப்பு. இப்போது மின்சாரக் கார், இருப்பதிலேயே சின்னப் பெட்ரோல் காரைவிட நான்கு டயர் விலை மலிவு. மேனேஜர் பட்டியலை இரண்டாக மடித்து மேசை டிராயருக்குள் தள்ளினார்.

"கேட்டா மட்டும் சொன்னா போதும். யாராச்சும் வேலை மெனக்கெட்டு போன் பண்ணி இதைச் சொன்னீங்க, நாளைக்கு வேற வேலை பாத்துக்க வேண்டியதுதான்."

எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னாலும் கண் அவள் மேல்தான் இருந்தது. சொல்லிவிட்டு ஒரு கூட்டத்துக்குக் கிளம்பிப் போனார்.

அவள் வீட்டில் சம்பளம் என்று வருவது அவளுடையது ஒன்றுதான். ஆனாலும் அவள் ஒருத்திக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

அந்த ஒருத்தி வீடு வீடாகப் போய் ரத்தப் பரிசோதனைக்கு மாதிரி எடுக்கும் லேப்காரம்மா. ஸ்கூட்டரின் முன்னால் ஐஸ் வைத்த நீலப் பெட்டி, ஒரு நாளைக்கு எண்பது கிலோமீட்டர். போன மழையில் வழுக்கி விழுந்ததில் ஆறு பேருடைய ரத்த மாதிரிக் குழாய்கள் உடைந்துபோயின. முட்டியில் கட்டோடு அதே ஆறு வீட்டுக்கும் மறுபடி போய் ஊசி குத்தினாள். "மறுபடியுமா?" என்று ஒரு பெரியவர் கையை இழுத்துக்கொண்டதை இந்த ஷோரூமில் உட்கார்ந்து சொல்லும்போது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பெட்ரோல் கார் வாங்கினால் சம்பளம் டேங்குக்குள் போய்விடும். மின்சாரக் கார் அன்றைக்கு எட்டாத விலை. "விலை இறங்கினா ஒரு போன் போடுங்க, தாயீ" என்று சொல்லிப் போனவள், கார் இல்லாமலே ஓட்டக் கற்று லைசென்ஸும் வாங்கிப் பர்ஸில் வைத்திருந்தாள்.

கறார் அக்கா போனை எடுத்தாள். ஒளித்துக்கூடப் பேசவில்லை, ஷோரூமின் நடுவில் நின்று பேசினாள்.

"இறங்கிடுச்சுங்க. வாங்க."

மதியத்துக்குள் லேப்காரம்மா நீலப் பெட்டியோடு வந்துவிட்டாள். விலையை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தாள். பிறகு கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"ஓட்டிப் பாக்காம எப்படிங்க வாங்கறது?"

கார் மூன்று சதவீதம் காட்டியது. தெருமுனை தாண்டினால் தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும். கறார் அக்கா கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது ஷோரூம் போன் அடித்தது. மேனேஜர் வீட்டம்மா. புருஷன் சாப்பிட்டாரா என்று தினமும் இந்நேரத்துக்கு அழைப்பவர்.

"சார் மீட்டிங் போயிருக்காருங்கம்மா. ஒரு உதவி. இங்க இருக்கிற எலெக்ட்ரிக் காரோட கேபிள் உங்க வீட்டுல இருக்காமே, கொஞ்சம் குடுத்தனுப்ப முடியுமா?"

"அதுவா? இப்பத்தான் நம்ம கார்லேர்ந்து கழட்டினேன். நம்ம கேபிளை எலி கடிச்சதுலேர்ந்து அதைத்தானே போடறோம். ரெண்டு தெருதானே, நானே கொண்டாரேன்."

போனை வைத்த பிறகுதான் கறார் அக்காவுக்கு உறைத்தது. நம்ம காரா?

பத்து நிமிடத்தில் வாசலில் சத்தமே இல்லாமல் ஒரு கார் வந்து நின்றது. தூணுக்குப் பின்னால் இருக்கிற அதே கார், நிறம்தான் வேறு. மேனேஜரோ தினமும் வேலைக்கு வருவது பெட்ரோல் காரில். வீட்டம்மா கேபிளைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினார். விஷயத்தைக் கேட்டதும் சாவியை லேப்காரம்மா கையில் கொடுத்தார்.

"அது சார்ஜ் ஏற ராத்திரி ஆயிடும். நீங்க என் காரை ஓட்டிப் பாருங்க. ஒரு வருஷமா ஓட்டறேன். டயருக்குக் காத்து அடிச்சேன், கண்ணாடி துடைக்கத் தண்ணி ஊத்தினேன். வேற ஒரு செலவும் கிடையாது."

மேனேஜர் கூட்டம் முடிந்து வந்து இறங்கியபோது அவர் வீட்டு மின்சாரக் கார் ஒரு சுற்றுப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. ஓட்டி வந்தவள் லேப்காரம்மா. பக்கத்தில் அவர் மனைவி. பின்சீட்டில் நீலப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கறார் அக்கா.

"ஏங்க, இவ்ளோ விலை குறைஞ்சிருக்குன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?" என்றார் மனைவி. "என் தங்கச்சி போன வாரம்தானே கேட்டா? குடும்பத்துக்கு ஒத்துவராதுன்னு அவகிட்ட எதுக்குச் சொன்னீங்க?"

மனைவியைவிடக் கோபப்பட வசதியான ஆள் ஒருத்தி இருந்தாளே. கறார் அக்காவைக் கேபினுக்குள் கூப்பிட்டார்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேன் இல்ல? யாரைக் கேட்டு போன் பண்ணினே?"

"யாரையும் கேக்கல சார்."

"என் வீடு வரைக்கும் போயிட்டே நீ."

"கேபிள் அங்கதான சார் இருந்துச்சு?" அவள் குரல் கொஞ்சம் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டாள். "உங்க வீட்டுக்கு நல்லதுன்னு பட்டது ஊருக்கு மட்டும் எப்படி சார் ஆகாமப் போச்சு? ஆறு மாசமா என் வாயால சார்ஜ் இல்ல, சார்ஜ் இல்லன்னு சொல்ல வெச்சீங்களே. எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்பேன்?"

"நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் லேப்காரம்மா முன்பணத்துக்கான படிவத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். எங்கெங்கே போட வேண்டும் என்று வீட்டம்மா விரலால் காட்டிக்கொண்டிருந்தார்.

"வருவேன் சார். நாளைக்கு டெலிவரி இருக்கு" என்றாள் கறார் அக்கா.

கேபினை விட்டு நேரே தூணுக்குப் பின்னால் போனாள். குடையைக் கழற்றிக் காவலாளியிடம் கொடுத்தாள். சாப்பாட்டுப் பைகளை எடுத்து மேசை மேல் வரிசையாக வைத்தாள். பிறகு உள்ளே ஏறி உட்கார்ந்து, அந்த மூன்று சதவீதத்தில் காரை மெதுவாக ஓட்டிவந்து, தெருவைப் பார்த்த கண்ணாடிக்கு முன்னால் விளக்குக்கு நேர் கீழே நிறுத்தினாள். காபி மெஷினின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அங்கே கேபிளைச் சொருகினாள். புதிய விலையை ஒரு தாளில் பெரிதாக எழுதி முன்கண்ணாடியில் ஒட்டினாள்.

மேனேஜர் கேபினுக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வர வேண்டாம் என்று அவர் மறுபடி சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவள் வந்திருப்பாள்.